வலது கையா, இடது கையா? ட்ரிப்லெட்டில் தடுக்கிய ஒரு மாணவியின் நிகழ்வு ஆய்வு

பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியின், 1891-இல் வெளிவந்த முதல் அரபெஸ்க் கேட்பதற்கு இதமான பியானோ உருப்படி. நடுத்தர நிலையைத் தாண்டும் பியானோ மாணவர்கள் பலர் தாங்களாகவே இதைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். முதல் ஐந்து பார் (தாளச் சுற்று) பெரிதாகத் தொந்தரவு தராது. ஆறாவது பாரில் வலது கைக்கு பீட்டுக்கு (ஒரு தாளத் தட்டுக்கு) மூன்று சமமான சுரம், அதாவது ட்ரிப்லெட், இடது கைக்கு பீட்டுக்கு இரண்டு சுரம் என்று வழி பிரியும். அங்கே வந்து நின்றுவிடுகிறவர்கள் அநேகம். அப்படி நின்ற ஒரு மாணவியின் கதை இது. அவளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். தாளத்தில் என்ன நடந்தது, அதை எப்படிக் கண்டுபிடித்தோம், எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன்.

வந்தபோது இருந்த நிலை

கல்லூரியில் படிக்கும் பெண். நோட்டேஷன் தடங்கலின்றிப் படிப்பாள், விரல் ஓட்டமும் நன்றாக இருக்கும். சிறுவயதில் கொஞ்ச காலம் மிருதங்கம் கற்றதால் சொல்கட்டு வாயில் தங்கியிருந்தது. தகிட, தகதிமி, தகதகிட என்று நடை மாற்றிச் சொல்லச் சொன்னால் கையில் தட்டு பிசகாமல் சொல்வாள். மூன்று என்பது அவளுக்கு அந்நியமான எண் இல்லை. இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. ட்ரிப்லெட் வராத மாணவர் என்றாலே அவருக்கு மூன்றாகப் பிரிக்கத் தெரியவில்லை என்று முடிவு கட்டி, அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். இங்கே அந்த மருந்துக்கு வேலையே இல்லை.

முதல் நாள் பேச்சு இப்படிப் போனது.

"தனித்தனியா வாசிச்சா சரியா வருது மிஸ். சேர்த்தா மட்டும் வலது கை நொண்டுது."

"வலது கைதான் நொண்டுதுன்னு எப்படிம்மா முடிவு பண்ணினே?"

"அதுக்கு மேலதானே மிஸ் மூணுன்னு போட்டிருக்கு!"

இந்தப் பதில் எவ்வளவு முக்கியமானது என்பது பின்னால் தெரியவரும். அதற்கு முன் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் இதே நம்பிக்கையில்தான் இருந்திருக்கிறார். வலது கையைத் தனியாகப் பழகு, பழகிப் பழகி உறுதியானதும் இடது கையைச் சேர் என்பதே அவளுக்குக் கிடைத்திருந்த அறிவுரை. அவளும் உண்மையாகவே பழகியிருந்தாள். வலது கை தனியாக வாசிக்கும்போது குறை சொல்ல ஒன்றும் இல்லை.

காதுக்கு வந்ததும் அலைவடிவத்தில் தெரிந்ததும்

இரண்டு கையும் சேர்ந்ததும் மூன்று சுரங்களும் சமமாக விழவில்லை என்பது காதுக்கே தெரிந்தது. ஆனால் 'சமமாக இல்லை' என்பது நோயின் பெயர் ஆகாது. எந்தச் சுரம் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். ஆகவே தாளத் தட்டை ஒலிக்கும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து, கணினியில் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். 60 என்பது கணக்குக்கு வசதி. ஒரு பீட் சரியாக 1,000 மில்லிசெகண்ட்.

சரியாக வாசித்தால் வலது கைச் சுரங்கள் 0, 333, 667 என்ற இடங்களிலும், இடது கைச் சுரங்கள் 0, 500 என்ற இடங்களிலும் விழ வேண்டும். அவள் ஆறாவது பாரில் நேராகத் தொடங்கி வாசித்தபோது வலது கை கிட்டத்தட்ட 0, 250, 500 என்று விழுந்தது. மூன்றாவது சுரம் இடது கையின் இரண்டாவது சுரத்தோடு ஒட்டிக்கொண்டது, பீட்டின் பின்பாதி காலியாகக் கிடந்தது. காதுக்கு அது ட்ரிப்லெட்டாகவே கேட்காது, இரண்டு செமிகுவேவரும் (கால் பீட் சுரம்) ஒரு குவேவரும் (அரை பீட் சுரம்) போலக் கேட்கும். "அவசரப்படுறே, பின்னால தள்ளு" என்று சொன்னதும் அவள் தள்ளினாள். இப்போது 0, 500, 750. முதல் சுரம் நீண்டு, இரண்டாவது சுரம் போய் இடது கையோடு ஒட்டிக்கொண்டது.

இந்த இரண்டு பிழைகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தெரியும். ஒன்றில் அவசரம், இன்னொன்றில் தாமதம். ஆனால் வேர் ஒன்றுதான். 500 என்ற இடத்தில் இடது கை விழும்போது வலது கையும் ஏதோ ஒரு சுரத்தை அங்கே போட்டுவிடுகிறது. இரண்டு கைகளுக்கும் ஒரே நேரத்தில் விழுவது சுலபம், ஒன்று மற்றொன்றின் சரிபாதியில் விழுவதும் சுலபம். அதைவிடச் சிக்கலான விகிதம் கேட்டால் அருகில் இருக்கும் எளிய விகிதத்துக்குள் கைகள் வழுக்கிவிடும். பழக்கமில்லாத எல்லோருக்கும் இது நடக்கும். ஆகவே 'மெதுவாக வாசி', 'அவசரப்படாதே' என்ற அறிவுரைகள் சுரத்தை ஒரு தவறான இடத்திலிருந்து இன்னொரு தவறான இடத்துக்குத்தான் நகர்த்தும்.

இது வரைக்கும் எதிர்பார்த்ததுதான். அடுத்து வந்தது எதிர்பாராதது.

உருப்படியை முதல் பாரிலிருந்து தொடங்கி ஆறாவது பாருக்குள் நுழையச் சொன்னேன். இந்த முறை வலது கை 0, 333, 667 என்று ஏறக்குறைய ஒழுங்காகவே இருந்தது. நொண்டியது இடது கை! அதன் இரண்டாவது சுரம் 500-இல் விழாமல் 667-க்கு அருகே, ட்ரிப்லெட்டின் மூன்றாவது சுரத்தோடு சேர்ந்து விழுந்தது. அவளுக்கு இது தெரியவே இல்லை. வலது கைதான் நோயாளி என்று முடிவு செய்துவிட்டதால் கவனம் முழுக்க அங்கேயே இருந்தது. பதிவைத் திரும்பப் போட்டுக் காட்டிய பிறகுதான் நம்பினாள்.

யார் வீட்டுக்காரர், யார் விருந்தாளி

ஏன் இப்படி? விடை முதல் ஐந்து பாரில் இருக்கிறது. இந்த உருப்படி தொடங்குவதே ட்ரிப்லெட்டில்தான். ஐந்து பார் முழுக்க காது மூன்று மூன்றாகவே கேட்டுப் பழகிவிடுகிறது. ஆறாவது பாரில் வலது கை எதையும் புதிதாகச் செய்யவில்லை, அது தன் மூன்றைத் தொடர்கிறது. புதிதாக உள்ளே வருவது இடது கையின் இரண்டு. காதின் கணக்கில் மூன்று வீட்டுக்காரர், இரண்டு விருந்தாளி.

காகிதத்தின் கணக்கு வேறு. உருப்படி 4/4-இல், அதாவது பாருக்கு நான்கு பீட் என்ற அளவில், எழுதப்பட்டிருக்கிறது. 4/4-இல் க்ராட்செட் (ஒரு பீட் சுரம்) இரண்டு குவேவராகத்தான் பிரியும், மூன்றாகப் பிரிக்க எழுத்துமுறையில் வழி இல்லை. அதனால் மூன்று குவேவரைச் சேர்த்து மேலே 3 என்று போட்டு, இரண்டு குவேவரின் இடத்தில் மூன்று என்று சொல்லிவிடுகிறோம். இதே இசையை, பீட் இயல்பாகவே மூன்று குவேவராகப் பிரியும் 12/8-இல் எழுதியிருந்தால் வலது கை எந்த எண்ணும் இல்லாத வெறும் குவேவர்களாக இருந்திருக்கும். இடது கையின் மேல்தான் 2 என்று போட்டிருப்பார்கள். ஒலியில் மில்லிசெகண்ட் கூட மாறியிருக்காது.

இப்படி வழக்கத்துக்கு மாறான எண்ணிக்கையில் பிரியும் சுரக் கூட்டத்துக்குப் பொதுப்பெயர் டியூப்லெட் (tuplet). டியூப்லெட் எண் என்பது எழுத்துமுறை தன் வழக்கமான பிரிவிலிருந்து எங்கே விலகுகிறது என்று காட்டும் குறி. இசை எங்கே கடினம் என்றோ, எந்தக் கை சந்தேகத்துக்குரியது என்றோ அது சொல்வதில்லை. இந்த நிகழ்வின் மையம் இதுதான் என்று நினைக்கிறேன். எண் இருக்கும் கையையே குற்றவாளியாக்கிப் பழகுவது மிகப் பரவலான பழக்கம். இந்த மாணவியும் அதற்கு இரையானவள். உருப்படியின் நடுவே, ஆறாவது பாரில் தொடங்கிப் பழகும்போது காது இரண்டில் குடியிருக்கும், வலது கை உடையும். தொடக்கத்திலிருந்து வாசிக்கும்போது காது மூன்றில் குடியிருக்கும், இடது கை உடையும். அவள் தனியாகப் பழகியதெல்லாம் முதல் வகை, வகுப்பில் வாசித்துக் காட்டியதெல்லாம் இரண்டாம் வகை. ஒரு நோய்க்கு மருந்து சாப்பிட்டுவிட்டு வேறொரு நோயோடு வந்து நின்றாள்.

எண் பற்றி இன்னும் ஒன்று. 3 என்று தனியாகப் போட்டால் எதன் இடத்தில் மூன்று என்பதை வாசிப்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டும். 3, 5 போன்றவற்றில் ஊகம் பெரும்பாலும் சரியாக இருக்கும். 7 வந்தால் நாலின் இடத்தில் ஏழா, எட்டின் இடத்தில் ஏழா என்ற கேள்வி எழும். 6/8-இல் வரும் இரண்டு, நான்கு போன்றவற்றை எந்தச் சுர அளவில் எழுதுவது என்பதில் இசையமைப்பாளர்களிடையே ஒரே வழக்கம் கிடையாது. அதனால்தான் இருபதாம் நூற்றாண்டு இசையில் 5:4, 7:8 என்று விகிதமாகவே எழுதும் பழக்கம் வளர்ந்தது. இடப்பக்கம் வாசிக்கும் சுரங்களின் எண்ணிக்கை, வலப்பக்கம் அவை யாருடைய இடத்தைப் பிடிக்கின்றன என்பது. வாசிக்கும் முன் ஒவ்வொரு டியூப்லெட்டையும் இப்படி மனதுக்குள் விகிதமாக மாற்றிக்கொள்ளும்படி நான் எல்லோரிடமும் சொல்வேன். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

சிகிச்சை: முதலில் கூட்டுத் தாளம்

இரண்டு கையும் சேர்ந்து உண்டாக்கும் ஒற்றைத் தாளத்தை முதலில் கற்றோம். 3-க்கும் 2-க்கும் பொதுவான சிறிய எண் 6. ஒரு பீட்டை ஆறு துண்டாக்கினால் வலது கை 0, 2, 4 என்ற துண்டுகளிலும், இடது கை 0, 3 என்ற துண்டுகளிலும் விழும். இரண்டையும் சேர்த்தால் 0, 2, 3, 4. இடைவெளிகள் 2, 1, 1, 2.

தமிழ் படித்தவருக்கு இந்த வரிசை பழக்கமானதுதான். நெடில் இரண்டு மாத்திரை, குறில் ஒரு மாத்திரை. 2, 1, 1, 2 என்றால் நெடில், குறில், குறில், நெடில். 'வா மகளே' என்று மாத்திரை பிசகாமல் சொன்னால் மூன்றுக்கு இரண்டின் கூட்டுத் தாளம் அப்படியே கிடைக்கும். 'வா' இரு கையும் சேர்ந்து, 'ம' வலது, 'க' இடது, 'ளே' வலது. நின்று இழுக்காமல் சொல்லிக்கொண்டே போனால் ஆறு ஆறு மாத்திரையாகச் சுழலும். ஒரு எச்சரிக்கை: பேசும்போது நாம் 'மகளே'வை விரட்டிவிடுவோம், கடைசி 'ளே' கரைந்து போகும். ஓசை நயத்துக்காக இல்லாமல் மாத்திரைக்காகவே சொல்ல வேண்டும்.

மேசையில் தட்டி இதை அவள் முதல் வகுப்பிலேயே பிடித்துவிட்டாள். பியானோவிலும் மெதுவான வேகத்தில் அலைவடிவம் ஒழுங்காக வந்தது. பல ஆசிரியர்கள் இந்த இடத்தில் வெற்றி என்று அறிவித்துவிடுவார்கள். ஆனால் கேட்டுப் பார்த்தால் டெபுஸி காணாமல் போயிருந்தார். இரண்டு வரிகள் தனித்தனியாக மிதப்பதற்குப் பதிலாக, இரண்டு கையும் சேர்ந்து ஒரே ஒரு முரட்டுத் தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தன. 'க' விழும் இடத்தில் இடது கைச் சுரம் ஒரு ஆணி அடித்தது போலத் துருத்திக்கொண்டது. இடம் சரி, கேட்பது தவறு. கூட்டுத் தாளம் ஒரு சாரம். கட்டடம் எழும்பியதும் பிரிக்க வேண்டியது. அதைப் பிரிக்கும் வேலைதான் இந்த நிகழ்வில் அதிக நேரம் எடுத்தது.

பிறகு பிரிப்பது

முதல் மாற்றம் தட்டும் பொருளில். இரண்டு கையும் ஒரே மேசையில் தட்டினால் ஒலி ஒன்றாக இருக்கும், காது அவற்றைப் பிரித்துக் கேட்க வழியே இல்லை, எப்போதும் 'வா மகளே'தான் கேட்கும். ஒரு கை மேசையில், இன்னொரு கை மூடிய புத்தகத்தின் மேல் என்று மாற்றினால் இரண்டு ஓட்டங்கள் தெரியத் தொடங்கும். பியானோவிலும் இதே விஷயம்தான். இரண்டு கையும் அருகருகே இருக்கும் சுரங்களில் இருந்தால் ஒன்றாகக் கலந்து கேட்கும், ஒன்று மேல் ஸ்தாயியிலும் மற்றது கீழ் ஸ்தாயியிலும் இருந்தால் பிரிந்து கேட்கும். ஆகவே உருப்படியை மூடிவைத்துவிட்டு வலது கைக்கு மேலே மூன்று சுரம், இடது கைக்கு இரண்டு ஸ்தாயி கீழே இரண்டு சுரம், வேறெதுவும் இல்லை.

இரண்டாவது, கவனத்தை நகர்த்துவது. தாளம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்க, வலது கையை மட்டும் உரக்க வாசி, இடதைக் கேட்டும் கேட்காததுமாக வை. சில பீட் கழித்து மாற்று. பிறகு மெல்லிய கையை முழுக்க நிறுத்தி, உரக்க ஒலிக்கும் கை சமமாகவே போகிறதா என்று கேள். நின்ற கையை மறுபடி உள்ளே எடு. வெளியே எடுக்கும்போது பிசகாத கை, உள்ளே எடுக்கும்போது பிசகும். அந்த நுழைவுதான் ஆறாவது பாரின் பிரச்சினையே. அதனால் நுழைவை மட்டும் தனியாகப் பழகினோம்: வாயில் 'தகிட தகிட' ஓட, இடது கை ஒரே ஒரு பீட்டுக்கு மட்டும் உள்ளே வந்து இரண்டு சுரம் போட்டுவிட்டு வெளியேற வேண்டும். இரண்டாவது சுரம் 'கி'க்கும் 'ட'வுக்கும் சரிநடுவில் விழ வேண்டும். இதைச் செய்யத் தொடங்கிய பிறகுதான் அவள் முகத்தில் இருந்த இறுக்கம் போனது. இடது கையின் இரண்டைத்தான் தான் டியூப்லெட்டாக வாசிக்க வேண்டும் என்பது அவளுக்குப் புரிந்தது அப்போதுதான்.

எதிர்த் திசையிலும் பழக வைத்தேன். வாயில் 'தக தக' ஓட, வலது கை ஒரு பீட்டுக்கு மட்டும் மூன்று போடும். ஒரே விகிதத்தை இரண்டு குடியிருப்பிலிருந்தும் கேட்கத் தெரியாதவருக்கு அந்த விகிதம் பாதிதான் தெரியும்.

மூன்றாவது, வேகம். இதில் எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து உண்டு. மெதுவாகத் தொடங்கி மெட்ரோனோமைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போவது பொதுவாக நல்ல வழிதான், ஆனால் இங்கே அது உதவாது. பீட் 40-இல் இருந்தால் ஆறில் ஒரு துண்டு 250 மில்லிசெகண்ட். ஒவ்வொரு தட்டும் தனி நிகழ்வாகக் கேட்கும், மனது எண்ணிக்கொண்டே இருக்கும். பீட் 100-இல் இருந்தால் அந்தத் துண்டு 100 மில்லிசெகண்ட். எண்ண நேரம் இருக்காது, வேறு வழியின்றி இரண்டு ஓட்டங்களாகக் கேட்கத் தொடங்குவோம். இடைப்பட்ட வேகங்களில் பழகினால் எண்ணும் பழக்கமே கெட்டிப்படுகிறது. ஆகவே இடத்தைச் சரிபார்க்க மிக மெதுவாக, உடனே ஒரு தாவலில் வேகமாக, பிறகு இறங்கி உருப்படியின் வேகத்துக்கு. மூன்று சுரம், இரண்டு சுரம் மட்டும் இருக்கும் எளிய பயிற்சியில் இப்படித் தாவுவது கைக்கு ஆபத்தில்லை.

மெட்ரோனோம் பற்றி ஒரு வார்த்தை. கைபேசிச் செயலிகளில் ட்ரிப்லெட்டையே ஒலிக்கவைக்கும் வசதி இருக்கிறது. அதை அணைத்துவிடச் சொன்னேன். பிரிக்கும் வேலையை இயந்திரம் செய்தால் மாணவர் அதன் பின்னால் ஓடுகிறவர் மட்டுமே. பீட்டுக்கு ஒரு ஒலி, பிறகு இரண்டு பீட்டுக்கு ஒரு ஒலி, பிறகு பாருக்கு ஒரு ஒலி. டியூப்லெட் சமமாக விழுவது அடுத்த பீட் எங்கே வந்து விழும் என்று முன்கூட்டியே தெரிந்தவருக்குத்தான். தொடங்கும் இடத்திலிருந்து மூன்றை அடுக்கிக்கொண்டு போகிறவருக்கு அது எப்போதும் முன்னாலோ பின்னாலோதான் முடியும்.

சில வாரங்களில் ஆறாவது பார் தனியாகவும் தொடர்ச்சியிலும் ஒரே மாதிரி வரத் தொடங்கியது. அலைவடிவத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம். இயந்திரத் துல்லியம் இல்லை, அது வேண்டவும் வேண்டாம். சுரங்கள் சற்றே முன்பின் அசைந்தன, ஆனால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது நின்றுவிட்டது.

நான்குக்கு மூன்று: எது கூடவே வந்தது, எது வரவில்லை

தைரியம் வந்ததும் அவளே இசையமைப்பாளர் சோப்பினின் ஃபேன்டசி இம்ப்ராம்ப்டு என்ற பியானோ உருப்படியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். 1834-இல் எழுதப்பட்டு, சோப்பின் இறந்த பிறகு 1855-இல் அச்சேறிய உருப்படி. அதில் வலது கை பீட்டுக்கு நான்கு செமிகுவேவர், இடது கை மூன்று. நான்குக்கு மூன்று.

கூட்டுத் தாளக் கணக்கு இங்கேயும் போடலாம். பொதுத் துண்டு 12. வலது கை 0, 3, 6, 9. இடது கை 0, 4, 8. சேர்த்தால் இடைவெளிகள் 3, 1, 2, 2, 1, 3. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே. மூன்றுக்கு இரண்டிலும் அப்படித்தான் இருந்தது, ஐந்துக்கு நான்கிலும் 4, 1, 3, 2, 2, 3, 1, 4 என்று அப்படியே வரும். மூன்று மாத்திரைக்கு நம்மிடம் அளபெடை இருக்கிறது: 'தாஅ த தா தா த தாஅ'. இதில் அர்த்தமுள்ள சொற்றொடர் அமைக்க முயல்வது வீண் வேலை என்பது என் எண்ணம். அசைகள் போதும்.

ஆனால் இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் உதவும்? மினிமை (இரண்டு க்ராட்செட் நீளச் சுரம்) நிமிடத்துக்கு 84 என்று வைத்தால் ஒரு க்ராட்செட் சுமார் 357 மில்லிசெகண்ட். அதில் பன்னிரண்டில் ஒரு துண்டு சுமார் 30. வலது கையின் இரண்டாவது சுரத்துக்கும் இடது கையின் இரண்டாவது சுரத்துக்கும் நடுவே இருப்பது அவ்வளவுதான். முப்பது மில்லிசெகண்டை யாராலும் யோசித்து வைக்க முடியாது. எனவே கூட்டுத் தாளத்தை ஒரு முறை மெதுவாகச் சரிபார்த்துவிட்டு, பிறகு இரண்டு கையும் தத்தம் ஓட்டத்தில் ஓடி ஒவ்வொரு பீட்டிலும் சந்திப்பதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். அரபெஸ்க்கில் கற்ற நுழைவுப் பயிற்சி இங்கே அப்படியே பலித்தது.

பலிக்காத ஒன்றும் இருந்தது. வலது கை நுழையும் ஐந்தாவது பாரின் முதல் செமிகுவேவர் ஒரு மௌனம். இடது கை மட்டும் விழுகிறது, வலது கை ஒரு துண்டு தாமதித்துத் தொடங்குகிறது. சந்திப்பை நம்பி ஓடுபவருக்கு முதல் சந்திப்பே இல்லை! அவளுடைய வலது கை ஒவ்வொரு முறையும் இடது கையின் இரண்டாவது சுரத்தோடு சேர்ந்து தொடங்கி, அந்த பீட் முழுக்க ஒரு சிறு தவறோடு ஓடி, அடுத்த பீட்டில்தான் சரியானது. மௌனம் இருக்கும் இடத்தில் வலது கைக்கு ஒரு சுரத்தை வைத்து வாசித்து, அது கெட்டிப்பட்ட பின் அந்தச் சுரத்தை மட்டும் ஒலிக்காமல் விரலை விசைமேல் தொட்டுவிட்டுப் போகச் சொன்னேன். மௌனத்தையும் வாசிக்க வேண்டும் என்று வெறுமனே சொல்வதைவிட இது வேகமாகப் பலன் தந்தது.

எழுதியபடியே வாசிக்கலாமா

இந்த இடத்தில் அவள் ஒரு நல்ல கேள்வி கேட்டாள். பீத்தோவனின் மூன்லைட் சொனாட்டா முதல் பகுதியில் ட்ரிப்லெட்டுக்கு மேலே புள்ளி வைத்த குவேவரும் (முக்கால் பீட் நீளம்) செமிகுவேவரும் வருகின்றன. ட்ரிப்லெட்டின் மூன்றாவது சுரம் 667-இல், செமிகுவேவர் 750-இல். பீட் 60 என்றால் வித்தியாசம் 83 மில்லிசெகண்ட்.

"ரெண்டையும் சேர்த்தே வாசிச்சா என்ன மிஸ்?"

இந்த உருப்படியில் கூடாது. பீத்தோவனிடமே படித்த செர்னி, செமிகுவேவர் ட்ரிப்லெட்டின் கடைசிச் சுரத்துக்குப் பிறகே விழ வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறார். ஆனால் பொதுவான கேள்வியாக எடுத்தால் விடை அத்தனை நேரானது இல்லை. 1752-இல் குவான்ட்ஸ் தன் புல்லாங்குழல் நூலில் அந்தக் குட்டிச் சுரம் மூன்றாவது சுரத்துக்குப் பிறகுதான் விழ வேண்டும் என்றார். மறு ஆண்டே கார்ல் பிலிப் இமானுவேல் பாக் தன் கீபோர்டு நூலில் இரண்டும் சேர்ந்தே விழும் என்றார். இருவரும் பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக்கின் ஒரே அரசவையில் பணிபுரிந்தவர்கள் என்பதுதான் வேடிக்கை. பரோக் கால (சுமார் 1600 முதல் 1750 வரை) இசையில் பாரின் ஓட்டம் முழுக்க மூன்றாக இருந்தால், புள்ளி வைத்த தாளத்தையும் மூன்றுக்குள் இளக்கிவிடும் வழக்கம் இருந்தது. அந்த மாதிரி உருப்படியில் 83 மில்லிசெகண்டைப் பிடித்துக்கொண்டு போராடுவது அர்த்தமற்றது. காது எங்கே குடியிருக்கிறது என்ற கேள்வியே இங்கேயும் முன்னால் வந்து நிற்கிறது.

இப்போது நிற்கும் இடம்

ஒரு மாணவியை வைத்துப் பொது விதி எழுத முடியாது. சொல்கட்டு தெரியாத ஒருவருக்கு மூன்றைச் சமமாகப் பிரிப்பதிலேயே சிக்கல் இருக்கலாம். அங்கே சிகிச்சையின் வரிசையும் மாறும். ஆனால் பதிவு எடுத்து, எந்தச் சுரம் எந்தச் சுரத்தோடு ஒட்டுகிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு மருந்து கொடுப்பது யாருக்கும் பொருந்தும். இடையிலிருந்து ஒரு முறை, தொடக்கத்திலிருந்து ஒரு முறை என இரண்டு பதிவு கட்டாயம் எடுக்க வேண்டும்.

பீட்டுக்குள் அடங்கும் டியூப்லெட்டுகள் இப்போது அவளுக்குப் பெரிய பிரச்சினை இல்லை. இரண்டு பீட்டில் பரவும் க்ராட்செட் ட்ரிப்லெட் இன்னும் முன்னால் ஓடுகிறது. இரண்டாவது பீட்டில் எந்தச் சுரமும் விழாததால் பிடித்துக்கொள்ள இடமில்லாமல் கை விரைகிறது. அதற்கு இப்போது நடக்கும் பயிற்சி இது. காலால் இரண்டு பீட் தட்டிக்கொண்டு 'தகிட தகிட' என்று ஆறு அசை சொல்ல வேண்டும். ஒன்று விட்டு ஒன்றாக, முதல் 'த', முதல் 'ட', இரண்டாவது 'கி' ஆகிய மூன்றில் மட்டும் கை தட்ட வேண்டும். இரண்டாவது 'த' காலுக்கு மட்டும் உரியது. அங்கே கை போகாமல் இருப்பதுதான் அவளுக்கு இந்த வாரத்துப் பாடம். அது கைவந்ததும் வாயை மூடிக்கொண்டு காலும் கையும் மட்டும், பிறகு காலையும் நிறுத்திவிட்டு மெட்ரோனோமின் பாருக்கு ஒரு ஒலியோடு.